சகல காரியத்துக்கும் ஒரு மைதானம்

‘பல்நோக்கு’ என்றொரு சொல்லைச் சர்க்கார் தமிழுக்கு யாரோ ஒரு புண்ணியவான் தானமாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பல்நோக்கு மருத்துவமனை, பல்நோக்குப் பணியாளர், பல்நோக்குக் கட்டிடம் என்று எங்கே திரும்பினாலும் இந்தச் சொல் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு காரியத்துக்கென்று ஒன்றைக் கட்டினால் அந்தக் காரியத்தை அது சரியாகச் செய்தாக வேண்டும். பல காரியங்களுக்கென்று கட்டிவிட்டாலோ, எதையும் சரியாகச் செய்யவில்லையே என்று எவரும் கேட்க முடியாது. அந்தச் சொல்லின் சூட்சுமமே இதுதான். அதைத் தலையில் சுமந்துகொண்டு நிற்கும் பெரிய விளையாட்டரங்கங்களோடுதான் இன்று எனக்குச் சண்டை.

வேலூர் ஜில்லாவை 2019 நவம்பரில் மூன்றாகப் பிரித்தார்கள். வேலூர் ஒன்று, ராணிப்பேட்டை ஒன்று, ஆம்பூரையும் வாணியம்பாடியையும் மடியில் வைத்துக்கொண்டு திருப்பத்தூர் ஒன்று. தோல் பதனிட்டு, செருப்பும் ஷூவும் தைத்து, உலகத்தின் கால்களுக்கெல்லாம் சேவகம் செய்யும் பூமி இவ்வாறு மூன்று பங்கு ஆயிற்று. நம் நாட்டில் ஜில்லா பிறந்தால் பெண்ணுக்குச் சீர் செய்வதுபோல ஒரு வரிசை உண்டு. கலெக்டர் ஆபீஸ், போலீஸ் சூப்பிரண்டு ஆபீஸ், கோர்ட்டு, ஆஸ்பத்திரி, கடைசியில் ஒரு விளையாட்டரங்கம். சீர்வரிசைத் தட்டில் வைத்த வெள்ளிக் குத்துவிளக்கை யாரும் தினம் ஏற்றுவதில்லை. வந்தவர்களுக்குக் காட்டிவிட்டுப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். ஸ்டேடியத்தையும் நாம் அந்தக் குத்துவிளக்காகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குச் சந்தேகம்.

“எழுத்தாளனுக்கு விளையாட்டைப் பற்றி என்ன தெரியும்?” என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். விளையாட்டு எனக்குத் தெரியாவிட்டாலும் கணக்கு தெரியும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். ரொம்ப நேரம் ஆகாது.

ஓட்டப் பந்தயத் தடம் என்பது ஒரு சுற்று 400 மீட்டர். இரண்டு நேர்ப்பகுதிகள், இரண்டு அரை வட்டங்கள். அரை வட்டத்தின் ஆரம் முப்பத்தாறரை மீட்டர். ஆக, தடத்துக்குள் கிடக்கும் புல்தரையின் அகலம் 73 மீட்டர். நீளம் 157 மீட்டர். இதற்குள் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உள்ள கால்பந்து ஆடுகளம் அழகாக உட்கார்ந்துவிடுகிறது. காகிதத்தில் பார்த்த எஞ்சினீயர் மகிழ்ந்து போகிறார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! ஆனால் அந்தக் கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனிதனைப் பற்றி அவர் நினைத்தாரா? கோல் கோட்டிலிருந்து தடத்தின் உள்விளிம்பு 26 மீட்டர். தடத்தில் எட்டுப் பாதைகள், பாதை ஒன்றுக்கு 1.22 மீட்டர் என்றால் இன்னும் பத்து மீட்டர். அதற்கப்புறம் வடிகால், வேலி, காலரியின் சுவர். நாற்பது மீட்டருக்கு இப்பால் உட்கார்ந்துகொண்டு பந்து உள்ளே போயிற்றா இல்லையா என்று அவன் பக்கத்திலிருப்பவனைக் கேட்க வேண்டியிருக்கிறது.

இதோடு கிரிக்கெட்டையும் சேர்த்துக்கொள்வோம் என்று யாராவது மந்திரி மேடையில் சொல்லிவிட்டால் தீர்ந்தது. கிரிக்கெட்டுக்கு நடு ஆடுகளத்திலிருந்து எல்லைக்கோடு குறைந்தது 59 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். எட்டுப் பாதைத் தடத்தின் வெளிவிளிம்போ நடுவிலிருந்து 46 மீட்டர்தான். அப்படியானால் காலரியை இன்னும் வெளியே தள்ளு! இப்படித் தள்ளித் தள்ளி, கடைசியில் எல்லா ஆட்டத்துக்கும் இடம் இருக்கிறது. எந்த ஆட்டத்தையும் பார்க்கத்தான் முடியவில்லை.

இன்னொரு விஷயம். ஆடுகளத்தை வடக்கு தெற்காகப் போடுவது உலக வழக்கம். மாலை வெயில் ஆட்டக்காரர் கண்ணில் அடிக்கக் கூடாது என்பதற்காக. நியாயந்தான். அப்புறம் முக்கியஸ்தர்கள் உட்காரும் கூரை போட்ட பெவிலியனை மேற்கே கட்டுகிறார்கள். சூரியன் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இறங்குகிறது. டிக்கெட் வாங்கின ஜனங்களுக்குக் கிழக்கே, கூரையில்லாத சிமெண்டுப் படிக்கட்டு. நாலு மணி வெயில் நேரே முகத்தில்! சித்திரை மாதத்து வேலூர் வெயிலை அறிந்தவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை. பகல் முழுவதும் காய்ந்த அந்தச் சிமெண்டுப் படியில் தோசை வார்க்கலாம். இதை வேண்டுமென்று யாரும் செய்வதாக நான் சொல்லவில்லை. கட்டிட சாஸ்திரத்தில் மரியாதைக்குரியவர்களின் திசை மேற்கு என்று ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

இந்த மயக்கம் நமக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் 1965ஆம் வருஷம் ஆஸ்ட்ரோடோம் என்று ஒரு பிரம்மாண்டமான அரங்கத்தைக் கூரை போட்டுக் கட்டினார்கள். பேஸ்பால் ஒருநாள், அவர்களுடைய கால்பந்து ஒருநாள். கண்ணாடி மாதிரியான கூரை வழியாக வெளிச்சம் வந்தது. அண்ணாந்து பந்தைப் பிடிக்கப் போனவர்களுக்குக் கண் கூசியது. கூரைக்கு வர்ணம் பூசினார்கள். வெயில் போய்ப் புல் செத்தது. செத்த புல்லுக்குப் பதிலாக அடுத்த வருஷமே பிளாஸ்டிக் புல்லை விரித்தார்கள். உலகத்துக்குச் செயற்கைப் புல் பிரபலமான கதை இதுதான். அதற்குப் பிறகு பிலடெல்பியா, பிட்ஸ்பர்க், சின்சினாட்டி என்று ஊருக்கு ஊர் ஒரே அச்சில் வார்த்த வட்டமான ‘இரண்டுக்கும் ஆகும்’ அரங்கங்கள் எழுந்தன. முப்பது முப்பத்தைந்து வருஷத்துக்குள் அவற்றை வெடி வைத்துத் தகர்த்துவிட்டு, ஆட்டத்துக்கு ஒன்றாகத் தனித்தனியே கட்டிக்கொண்டார்கள். இத்தாலியில் டூரின் நகரத்தில் 1990 உலகக் கோப்பைக்காகத் தடமும் ஆடுகளமும் சேர்த்துக் கட்டிய ஸ்டேடியத்தை 2009இல் இடித்து, அதே இடத்தில் தடமே இல்லாமல் அதைவிடச் சிறியதாக ஒன்றைக் கட்டி 2011இல் திறந்தது யுவெண்டஸ் கால்பந்துச் சங்கம். சிறியதாகக் கட்டினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கூட்டம் கூடிற்றே தவிரக் குறையவில்லை.

கனடாவில் மான்ட்ரியல் நகர மேயர் ஜீன் டிராப்போ என்பவர், ஆண்பிள்ளை எப்படிப் பிள்ளை பெற முடியாதோ அப்படியே ஒலிம்பிக் பந்தயத்தில் நஷ்டமும் வர முடியாது என்று அடித்துப் பேசினார். பந்தயம் நடந்தது 1976இல். ஸ்டேடியத்துக்கு வாங்கிய கடனை அந்த ஊர் ஜனங்கள் அடைத்து முடித்தது 2006இல். முப்பது வருஷம் அந்த ஆண்பிள்ளைக்குப் பிரசவ வலி!

சரி, கடல் கடந்து போவானேன்? சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தின் கதை நம்முடைய கதை அல்லவா? ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் இருந்த அந்த மைதானத்தில் 1956 ஜனவரியில் நியூஸிலாந்துக்கு எதிராக வினு மன்காடும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் எடுத்தார்கள். ஐம்பத்திரண்டு வருஷம் உலகத்தில் எவராலும் அதைத் தாண்ட முடியவில்லை. அத்தனை பெருமை பெற்ற மைதானத்தை விட்டுக் கிரிக்கெட்டு 1967இல் தன் பழைய வீடான சேப்பாக்கத்துக்குத் திரும்பிப் போய்விட்டது. பின்னால் பழைய ஸ்டேடியத்தை இடித்து 1993இல் நேரு ஸ்டேடியமாகக் கட்டினார்கள். தெற்காசிய விளையாட்டுப் போட்டி 1995இல் அங்கே நடந்தது. இப்போது சென்னையின் கால்பந்துச் சங்கம் ஆடுவதும் அங்கேதான். ரசிகர்கள் தடத்துக்கு அப்பால் உட்கார்ந்து எட்டிப் பார்க்கிறார்கள்.

பக்கத்தில் உள்ளரங்கம் ஒன்று உண்டு. ‘பொன்னியின் செல்வன்’ சினிமாவின் பாட்டு வெளியீட்டு விழா 2022 செப்டம்பரில் அங்கேதான் தடபுடலாக நடந்தது. கல்கியின் கதைக்கு அவ்வளவு பெரிய கூட்டம் கூடியதில் நாவல் எழுதுகிற எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். அதை மறைப்பானேன்? ஆனால் அன்றைக்கு அங்கே கைப்பந்தோ கூடைப்பந்தோ ஆட வந்திருக்கக்கூடிய பையன் என்ன செய்தான் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. விழாவுக்கு வாடகை உண்டு. பையனால் வாடகை கொடுக்க முடியாது. பல்நோக்கில் எந்த நோக்கு ஜெயிக்கும் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

கொச்சியில் 1996இல் கட்டிய கலூர் ஸ்டேடியம் கிரிக்கெட்டுக்கும் கால்பந்துக்கும் பொது. பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான 2017ஆம் வருஷத்து உலகக் கால்பந்துப் போட்டிக்காகச் சீர்செய்த புல்தரையை மறு வருஷமே கிரிக்கெட்டுக்காகத் தோண்டப் பார்த்தார்கள். கால்பந்து ரசிகர்கள் கொதித்தெழுந்த பிறகு அந்தக் கிரிக்கெட்டு ஆட்டம் திருவனந்தபுரத்துக்குப் போயிற்று. அதே அரங்கத்தில் 2024 டிசம்பரில் ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து பரதநாட்டியம் ஆடி ரிகார்டு ஏற்படுத்தும் வைபவம். காலரியின்மேல் தாற்காலிகமாக அமைத்த மேடையிலிருந்து உமா தாமஸ் என்ற சட்டசபை உறுப்பினர் கீழே விழுந்து படுகாயம் அடைந்தார். பந்து பார்ப்பதற்குக் கட்டிய படிக்கட்டில் மேடை போட்டால் வேறென்ன ஆகும்?

இவ்வளவும் பெரிய நகரங்களின் சங்கதி. அங்கே ஜனத்தொகை இருக்கிறது, பணம் இருக்கிறது, ஒன்று போனால் இன்னொன்று கட்டிக்கொள்வார்கள். நம்முடைய தோல் பூமியைப் பார்ப்போம்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய பரிகாசம் உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேசுவரர் 1981இல் திரும்பி வந்துவிட்டார். ஆக, பட்டியலில் ஓர் இடம் காலி. ‘ஆட்டம் இல்லாத அரங்கம்’ என்று ஒன்றை அங்கே உட்கார்த்தி வைத்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

தண்ணீர் இல்லாத ஆறு என்றேன். பாலாற்றில் தண்ணீர் இல்லை என்பதோடு நிற்கவில்லை. இருந்த நிலத்தடி நீரும் தோல் கழிவால் கெட்டுப்போயிற்று. வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு கொடுத்த தீர்ப்பு, சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவர்களுக்கு இன்றைக்கும் பாடம். இன்று மேட்டூர்ப் பக்கத்திலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீரை எதிர்பார்த்து இந்தச் சீமை குடிக்கிறது. கோடையில் ஒரு கால்பந்து ஆடுகளத்துப் புல் பச்சையாக இருக்க வேண்டுமானால் தினம் ஐந்து மில்லிமீட்டர் தண்ணீராவது வேண்டும். அதாவது நாள் ஒன்றுக்கு முப்பத்தையாயிரம் லிட்டர்! குடம் தூக்கும் பெண்களுக்கு முன்னால் அந்தப் புல்லுக்கு யார் தண்ணீர் விடுவார்கள்? விடக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். அப்புறம் அது புல்தரையாக இராது. கட்டாந்தரை நடுவில், சுற்றிலும் கோடி ரூபாய்க் காலரி.

அந்தக் கட்டாந்தரையில் என்னென்ன நடக்கும்? குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் அணிவகுப்பு. வேலூரில் நேதாஜி விளையாட்டரங்கில் கொடியேற்றம் நடப்பது ஊரறிந்த வழக்கம். தேசக் கொடிக்கு வணக்கம் செய்வதை நான் குறை சொல்வேனா? ஆனால் ஒருநாள் கொடிக்கு ஒரு வாரம் ஒத்திகை, பந்தல் போட இரண்டு நாள், பிரிக்க இரண்டு நாள், பந்தல் குழிகளை மூட ஆண்டவன்தான் வர வேண்டும். அப்புறம் பொருட்காட்சி, நலத்திட்ட உதவி விழா, மந்திரி வந்தால் ஹெலிகாப்டர். நாட்காட்டியில் மிச்சம் இருக்கும் நாட்களில் பூட்டு.

பூட்டு என்று சும்மா சொல்லவில்லை. இந்தப் பிராந்தியத்தில் ஓர் ஊர் அரங்கத்துக்கு (எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை) ஒரு சாயங்காலம் போனேன். ஐந்து மணி. நல்ல வாசல், நல்ல வளைவு, வளைவில் நல்ல தமிழில் பெயர். கதவில் கைமுட்டி அளவு பூட்டு. காவல்காரப் பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

“உள்ளே போய்ப் பார்க்கலாமா, பெரியவரே?”

“லெட்டர் இருக்குதா, சார்?”

“என்ன லெட்டர்?”

“ஆபீஸ்ல பர்மிசன் லெட்டர் குடுப்பாங்க. அத வாங்கியாந்தா தொறப்பேன். உள்ள விட்டா பசங்க தரையைக் கெடுத்துடுவாங்க, சார்.”

பசங்கள் தரையைக் கெடுத்துவிடுவார்கள்! அந்தப் பெரியவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்கிறார். தரையைக் காப்பாற்றுவதற்காகப் பையன்களைத் துரத்துகிற மைதானத்தை வேறு எந்த தேசத்தில் பார்க்க முடியும் என்று நினைத்துக்கொண்டேன். பார்க்க முடியும், நம் தேசத்திலேயே, தலைநகரத்திலேயே! டில்லியில் 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய தியாகராஜ் ஸ்டேடியத்தில், ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி நாயோடு உலாவ வசதியாக வீரர்களைச் சாயங்காலம் ஏழு மணிக்கே வெளியேற்றுகிறார்கள் என்று 2022 மே மாதம் பத்திரிகையில் செய்தி வந்தது. வீரர்களை வெளியேறச் சொல்லவில்லை என்று அதிகாரி மறுத்தார். அவரை லடாக்குக்கு மாற்றினார்கள். அரங்கங்கள் இரவு பத்து மணி வரை திறந்திருக்க வேண்டும் என்று டில்லி சர்க்கார் உத்தரவு போட்டது. அந்த உத்தரவு வருவதற்கு ஒரு நாய் தேவைப்பட்டது.

நான் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அதே நெடுஞ்சாலையில் மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு ஐந்தாறு பையன்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகிற ரஸ்தா அது. லாரிகள் காற்றாய்ப் பறக்கின்றன. பட்டாளத்துக்குத் தயார் செய்துகொள்கிற பையன்கள். வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்ற கிராமம் வீட்டுக்கு வீடு சிப்பாய்களை அனுப்பி ‘ராணுவப்பேட்டை’ என்று பெயர் வாங்கியிருக்கிறது. ஆள் எடுக்கும் முகாமில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓடினால்தான் முழு மார்க்கு. அந்த ஐந்தரை நிமிஷம் ஒரு குடும்பத்தின் சாப்பாடு. அதைப் பழக இந்தப் பிள்ளைகள் லாரி வெளிச்சத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். 400 மீட்டர் தடம் அங்கே பூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது.

ஆம்பூரில் ஒரு வாசகசாலைக் கூட்டத்துக்குப் போயிருந்தபோது ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண் என்னிடம் பேசினாள். இருபத்துநான்கு இருபத்தைந்து வயதிருக்கும். தையல் மெஷினில் ஷூவின் மேல்பாகம் தைக்கிறவள். ஆம்பூர்க் கம்பெனிகளில் தைக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான்; சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வேன் வைத்து அழைத்து வருகிறார்கள்.

“பள்ளிக்கூடத்துல கபடி ஆடிக்கினு இருந்தேன், சார். ஜில்லா வரைக்கும் போயிருக்கேன்.”

“இப்போது ஆடுவதில்லையா, அம்மா?”

“இப்ப எங்க சார்? வேன் வந்து உடும்போதே ஏழு மணி ஆயிடும். அதுக்கப்புறம் அடுப்பு.”

“ஞாயிற்றுக்கிழமை?”

சிரித்தாள். “ஞாயித்துக்கிழமை துணி தொவைக்கணும். தொவைச்சு முடிச்சிட்டாலும் எங்க சார் ஆடறது? ஏரிக்கரையில பசங்க கிரிக்கெட் ஆடறாங்க. நாங்க போயி நின்னா நாலு பேரு வேடிக்கை பார்ப்பாங்க. வெளிச்சம் கெடையாது. அவசரத்துக்குப் போக ஒரு எடம் கெடையாது.”

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் யாரோ கால் வீசி நடப்பதற்கு இவள் ஷூ தைக்கிறாள். இவள் கால் வீசி ஓடுவதற்கு இருபதடி நிலம் இல்லை. இதைக் கேட்டுக்கொண்டிருந்த உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர், “அதற்குத்தான் ஐயா, பிரம்மாண்டமாய் ஒரு ஸ்டேடியம் கேட்டிருக்கிறோம், இருபதாயிரம் பேர் உட்காரலாம்!” என்றார். அந்தப் பெண் உட்கார இடம் கேட்கவில்லை. நாளெல்லாம் மெஷின் முன்னால் உட்கார்ந்துதான் இருக்கிறாள்!

இங்கேதான் நமக்கும் ஸ்டேடியம் கட்டுகிறவர்களுக்கும் அடிப்படையான பேதம். அவர்கள் ஸ்டேடியத்தை நாற்காலிக் கணக்கில் அளக்கிறார்கள். இருபதாயிரம், நாற்பதாயிரம், லட்சம். அகமதாபாத்தில் அப்படி ஒன்று இருக்கிறதாமே, நமக்கும் வேண்டும்! நாற்காலிக் கணக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதற்குப் பெங்களூர் சாட்சி. 2025 ஜூன் 4ஆம் தேதி சின்னசாமி ஸ்டேடியத்து வாசல்களில் நெரிசலில் பதினோரு பேர் மாண்டார்கள். உள்ளே எத்தனை நாற்காலி என்று ஊருக்கெல்லாம் தெரியும். வாசல் எத்தனை பேரைத் தாங்கும் என்று முன்கூட்டிக் கணக்குப் பார்த்தவர் இல்லை.

கபடி ஆடுகளம், பெண்களுக்கு, பன்னிரண்டு மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம். சுற்றிலும் நான்கு மீட்டர் தாராளமாக விட்டாலும் ஓர் ஏக்கரில் பன்னிரண்டு களங்கள் போடலாம். பன்னிரண்டு வேண்டாம். நான்கு கபடி, இரண்டு கைப்பந்து, ஒரு கோகோ, ஓரத்தில் நடக்க ஒரு பாதை, நாலு வேப்பமரம், ஒரு தண்ணீர்க் குழாய், தாழ்ப்பாள் ஒழுங்காக இருக்கிற நாலு கழிப்பறை, உயரமான விளக்குக் கம்பங்கள். ஓர் ஏக்கர் போதும். ஸ்டேடியத்துத் தடம் மட்டுமே நான்கு ஏக்கர் கேட்கிறது. காலரியும் கார் நிறுத்தும் இடமும் சேர்ந்தால் பதினைந்து இருபதுக்குப் போகும். அவ்வளவு நிலம் ஊர் நடுவில் கிடைக்காது. ஆகவே பைபாஸ் ஓரத்தில், பஸ் போகாத இடத்தில் கட்டுவார்கள். கார் வைத்திருப்பவர்கள் விடிகாலையில் நடைப்பயிற்சிக்குப் போய் வருவார்கள். தேகாரோக்கியம் அவர்களுக்கும் வேண்டியதுதான்.

நம் ஊரில் மெடல்கள் எங்கிருந்து வந்தன என்று யோசித்துப் பார்த்தாலும் இது விளங்கும். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018இல் கோல்டு கோஸ்டில் மறுபடியும் தங்கம். அவருடைய தகப்பனார் முன்னாள் ராணுவ வீரர்; அவரும் எடை தூக்கினவர். சத்துவாச்சாரியில் பையன்கள் எடை தூக்குவது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். ஓர் அறை, ஓர் இரும்புத் தண்டு, சில தட்டுகள், கூட நின்று திட்டுவதற்கு ஒரு வாத்தியார். அதற்கு இருபதாயிரம் நாற்காலி தேவைப்படவில்லை. சென்னையில் கண்ணகி நகர் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அந்தக் கண்ணகி நகரிலிருந்து போன பெண் ஒருத்தி 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் போட்டியில் கபடியில் இந்தியாவுக்காக ஆடித் தங்கத்தோடு திரும்பினாள். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் களம் இருந்தது. அதுதான் விஷயம்.

இதையெல்லாம் ஓய்வு பெற்ற பொதுப்பணித்துறை எஞ்சினீயரான என் நண்பரிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “நீர் பேசுவது கதைக்கு நன்றாக இருக்கும், ஐயா. ஜில்லாவுக்கு ஒரு செயற்கைத் தடம் இல்லாவிட்டால் ஓட்டக்காரப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? மண்ணில் ஓடிவிட்டுப் பந்தயத்தில் ரப்பரில் ஓடினால் காலை உடைத்துக்கொள்ள மாட்டார்களா?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. தடம் வேண்டும். ஜில்லாவுக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். தடத்தைச் சுற்றிக் காலரிதான் வேண்டாம். மண் மேட்டைப் படிபோல் சரித்துப் புல் வளர்த்து, மேலே நாலு வரிசை மரம் வைத்தால் போதாதா? வருஷத்துக்கு ஒருமுறை ஜில்லாப் போட்டிக்கு வருகிற தாய் தகப்பன்மார் மர நிழலில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். காலரிக்குப் போகும் பணத்தில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை தடத்தின் மேற்பரப்பைப் புதுப்பிக்க நிதி ஒதுக்கலாம். இதைத்தான் யாரும் செய்வதில்லை. ரப்பர்த் தடம் கலியாணப் பட்டுப்புடவை அல்ல, ஒருமுறை வாங்கிப் பெட்டியில் வைக்க. வெயிலில் வெடிக்கும், தேயும், உரியும். போட்ட வருஷத்துப் போட்டோ மட்டும் ஆபீஸ் சுவரில் பளபளவென்று தொங்கும்.

“காலரி இல்லாவிட்டால் டெண்டர் சின்னதாகிவிடுமே!” என்றார் நண்பர். முப்பத்து நாலு வருஷ சர்வீஸ் அவருக்கு. சிரிக்காமல்தான் சொன்னார்.

சட்டசபைத் தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், ஒன்றுக்கு 3 கோடி ரூபாய் என்று தமிழக சர்க்கார் ஒரு திட்டம் அறிவித்திருக்கிறது. ‘சிறு’ என்ற சொல்லைக் கண்டு எனக்கு மெய்யாகவே சந்தோஷம். அந்தச் சிறுமை காப்பாற்றப்பட வேண்டும். மூன்று கோடியில் பெவிலியனுக்கும் வளைவுக்கும் பெயர்ப்பலகைக்கும் எவ்வளவு, தரைக்கும் விளக்குக்கும் கழிப்பறைக்கும் எவ்வளவு என்று ஆம்பூர்க்காரர்களும் வாணியம்பாடிக்காரர்களும் குடியாத்தத்துக்காரர்களும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஆம்பூருக்கு மைதானத்தின் அருமையை வெளியூர்க்காரன் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் 1749இல் பட்டத்தையும் பிராணனையும் சேர்த்து இழந்தது அந்த ஊர்ப் போர்க்களத்தில்தான். அதற்கப்புறமாவது அங்கே ஒரு மைதானத்தில் ஜனங்கள் சந்தோஷமாக விழுந்து எழட்டும்.

கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. விடிகாலை நாலரைக்குத் திறந்து ராத்திரி பத்துக்குப் பூட்ட வேண்டும். லெட்டர் கேட்கக் கூடாது. அணிவகுப்புக்கும் விழாவுக்கும் பொருட்காட்சிக்கும் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலூருக்குக் கோட்டை மைதானம் இருக்கவே இருக்கிறது. ஷூ கம்பெனி முதலாளிகள் வெளிநாட்டு வியாபாரிகளுக்குக் காட்டுவதற்காகத் தொழிலாளர் நலம் என்று எத்தனையோ செய்கிறார்கள். கம்பெனி வாசலில் ஓர் அரை ஏக்கர் விட்டு, வாரத்தில் இரண்டு நாள் வேனை ஒரு மணி நேரம் தாமதமாக எடுக்கச் சொன்னால் அவர்கள் சொத்து கரைந்துவிடாது. பெண்களுக்குக் கபடி சொல்லிக் கொடுக்கப் பெண் வாத்தியார் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைத் துணியைத் துவைப்பதற்கு வீட்டிலிருக்கும் ஆண்பிள்ளைகள் இருக்கிறார்கள்.